உங்களுக்குத் தெரியுமா? – வானவில் லோரிகீட்

சாயப்பட்டறைத் தொட்டி ஒவ்வொன்றிலும் முங்கி எழுந்தது போல ஒரு கிளி! நீலத் தலை, சிவந்த அலகு, ஆரஞ்சு மார்பு, பச்சைச் சிறகு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைதான் சொந்த ஊர். அலகு முதல் வால் நுனிவரை அளந்தாலும் ஓர் அடிக்கு மேல் போகாது.

ஆணா, பெண்ணா? பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டும் ஒரே நிறம். கூண்டில் வளர்ப்பவர்கள் இறகைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்கிறார்கள். இளங்கிளியை மட்டும் சட்டென்று கண்டுபிடிக்கலாம்: அதன் அலகு கறுத்திருக்கும்.

நாக்கின் நுனியில் பிரஷ் போல இழைகள் உண்டு. யூகலிப்டஸ் பூவுக்குள் நாக்கை விட்டு எடுத்தால் தேனும் மகரந்தமும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். விதை தின்னும் கிளிகளுக்கு உள்ள வலுவான இரைப்பை இதற்குக் கிடையாது. தினையும் நெல்லும் போட்டு வளர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க!

1770-ல் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலில் ஆஸ்திரேலியக் கரைக்கு வந்தவர்களில் துபையா என்ற தஹிதித் தீவுக்காரரும் ஒருவர். அங்கே பிடிபட்ட லோரிகீட் ஒன்றை அவர் கப்பலிலேயே வளர்த்தார். இங்கிலாந்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதே ஆண்டு பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயில் இறந்தார். கிளி மட்டும் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓவியர் பீட்டர் பிரவுன் 1774-ல் அதன் படத்தை வண்ணத்தில் அச்சிட்டார். ஆஸ்திரேலியப் பறவை ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் வண்ணப்படம் இதுதான் என்கிறார்கள். வளர்த்தவர் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

கோல்ட் கோஸ்ட் அருகே கரம்பினில் அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்பவரின் பூந்தோட்டத்தை இந்தக் கிளிகள் பாழாக்கின. அவர் கவணைத் தேடவில்லை. தட்டில் தேன் வைத்து அவற்றை வேறு பக்கம் இழுத்தார். கிளி பார்க்க ஆள் கூடியது. 1947-ல் தொடங்கிய அந்த இடம் இன்று பெரிய வனவிலங்குச் சரணாலயம். அதைப் பார்த்து வீட்டு வாசலில் ரொட்டியும் சர்க்கரைத் தண்ணீரும் வைப்பது தப்பு. கிளிக்கு நோய்தான் வரும்.

மரப்பொந்தில் பெரும்பாலும் 2 முட்டை. சுமார் 25 நாள் அடைகாப்பது பெண் மட்டுமே. இரை ஊட்டுவதில் ஆணும் சேர்ந்துகொள்ளும். குஞ்சு பறக்க ஏறக்குறைய 8 வாரம்.

ஆனால் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரில், இதற்குப் பெயர் தொல்லைப் பறவை! 1960-களில் அங்கே புகுந்த சில கிளிகள் ஆயிரக்கணக்கில் பெருகி, பழத்தோட்டங்களைக் கொத்துகின்றன, உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடுங்கிக்கொள்கின்றன. நியூசிலாந்து இன்னும் கறார்: கூண்டைத் திறந்து விட்டாலே குற்றம்.