அண்ணனின் இடத்தில் தம்பியை வைக்காதீங்க!

“கடல் பக்கம் தலைவெச்சும் படுக்காதே!”

அதட்டுவது அம்மா. உள்ளே அழுவது அவருடைய துக்கம்.

2004 டிசம்பர் 26 சுனாமி, மாமல்லபுரம், கல்பாக்கம் கரையோரக் குப்பங்களையும் விட்டுவைக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் மீண்டும் கருத்தரிக்க, மறு ஆபரேஷனுக்குத் தமிழக அரசு உதவியது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இன்று கல்லூரி வயது.

சுனாமியோ, விபத்தோ, நோயோ... பிள்ளையை இழந்த சில வீடுகளில் பயமே கண்டிப்பாக மாறிவிடும். பத்து நிமிஷம் லேட்டானால் ரகளை, “அண்ணன் இப்படியா இருந்தான்?” என்ற ஒப்பீடு. அம்மா அழக்கூடாதே என்று பிள்ளை ஆசைகளை விழுங்கும். அது தலைவலியாக, வயிற்றுவலியாக, பொய்யாக வெளியே வரும்.

என்ன செய்யலாம்?

* போன பிள்ளையைப் பற்றி வாய்விட்டுப் பேசுங்கள். அவன் பெயரை இவனுக்குச் சூட்டாதீர்கள்.

* “போகாதே” என்பதைவிட, “எனக்குப் பயமா இருக்குடா, ஆறு மணிக்குள்ள வந்துடு” என்று சொல்லிப் பாருங்கள்.

* ஆறு மாதம் தாண்டியும் துக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதற்கும் சிகிச்சை உண்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416-க்கு இலவசமாகப் போன் செய்யலாம்.

பிள்ளையைக் காப்பாற்றுங்கள்... உங்கள் பயத்திலிருந்தும்!