விற்கும் விரலை இயக்குவது எது?

1,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய ஒரு பங்கு 1,200 ஆக ஏறியிருக்கிறது. அதே விலைக்கு வாங்கிய இன்னொன்று 800க்கு இறங்கிவிட்டது. அவசரமாகப் பணம் தேவை. எதை விற்பீர்கள்?

பலரும் ஏறியதைத்தான் விற்கிறார்கள். நட்டத்தை ஒப்புக்கொள்ள மனம் தயங்குகிறது. இழப்பின் வலி, அதே அளவு ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் திவெர்ஸ்கியும் கணித்தனர். ஆனால், நாம் வாங்கிய விலைக்கும் பங்கின் எதிர்காலத்துக்கும் தொடர்பில்லை.

இணையம் இந்தத் தடுமாற்றத்துக்கு வேகம் கூட்டுகிறது. அமெரிக்காவில் 1990களில் தொலைபேசியிலிருந்து இணைய வணிகத்துக்கு மாறிய 1,607 முதலீட்டாளர்களை பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடியனும் ஆராய்ந்தனர். மாறுவதற்கு முன் இவர்கள் சந்தையைவிட ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக ஈட்டினர். மாறிய பின் 3 விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கினர். முந்தைய வெற்றி தந்த மிதமிஞ்சிய நம்பிக்கையில் அடிக்கடி வாங்கி விற்றதே முக்கியக் காரணம். ஒவ்வொரு முறையும் கட்டணம் வேறு!

அப்படியானால் உள்ளுணர்வு பொய்யா? இல்லை. சதுரங்க வீரரின் உள்ளுணர்வு பல்லாயிரம் ஆட்டங்களில் பழகியது. அங்கே விதிகள் மாறுவதில்லை. தவறும் விரைவில் தெரிந்துவிடும். பங்குச் சந்தையில் தற்செயலுக்குப் பங்கு அதிகம். தவறான முடிவும் சிலசமயம் லாபம் தரும். மூளை தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்ளும்.

உணர்ச்சியை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வாங்கும் காரணத்தை எழுதி வையுங்கள். மறுநாள் படித்துவிட்டு முடிவெடுங்கள். விற்கத் தயங்கினால் ஒரே கேள்வி: 'இந்தப் பங்கு என்னிடம் இல்லையென்றால், இன்றைய விலைக்கு வாங்குவேனா?'