போரும் புண்ணும் கிருமியும்

காய்ச்சல் என்றால் நம் விடுதியில் மருத்துவர்களுக்குப் பஞ்சமே இல்லை! ஒரு நண்பர் மேசை இழுப்பறையைத் திறப்பார். சென்ற ஆண்டு தொண்டை வலிக்கு வாங்கியதில் எஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் மூன்று அங்கே கிடக்கும். "இதைப் போடு, காலையில் சரியாகிவிடும்" என்பார். சரியாகிவிடுவதும் உண்டு. சளிக்காய்ச்சல் வைரசால் வருவது; தானே போகக்கூடியது. அதன்மேல் இம்மருந்துக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் புகழ் மாத்திரைக்கே போய்ச் சேர்கிறது!

இந்த மூன்று மாத்திரைகளுக்கும் ஈராக்கின் போர்க்களத்திற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பெனிசிலினைப் பெருமளவில் செய்யத் தூண்டியதே இரண்டாம் உலகப் போர்தான். 1944இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைகளோடு அதுவும் இறங்கிற்று. அதைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், மறு ஆண்டே நோபல் பரிசு உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: குறைந்த அளவில் மருந்தைத் தின்றால் கிருமி சாகாது; மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று. உண்மையில் கிருமி 'பழகுவது' இல்லை. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதோ ஒன்றில் தற்செயலாக ஒரு மாற்றம் நேர்ந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று, அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அவ்வளவே. அந்த வல்லமையைத் தாங்கிய மரபணுவை அது பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும் என்பதுதான் வியப்பு!

2003இல் ஈராக் போர் தொடங்கியபின், காயமுற்ற அமெரிக்க வீரர்களின் புண்களில் அசினெட்டோபாக்டர் என்னும் கிருமி பெருகிற்று. பல மருந்துகளுக்கு அது மசியவில்லை. வீரர்கள் அதற்கு 'இராக்கிபாக்டர்' என்றே பெயர் வைத்தனர். பாலை மணலிலிருந்து வந்தது என முதலில் எண்ணினர். ஆராய்ந்தபோது, பெரும்பாலும் படை மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது தெரிந்தது. உலர்ந்த கட்டிலிலும் கருவியிலும் நாட்கணக்கில் உயிரோடிருக்கும் கிருமி அது.

போர் நடக்கும் நாட்டில் தண்ணீர்க் குழாய் உடைகிறது, மின்சாரம் நிற்கிறது, கிருமியை வளர்த்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் மூடப்படுகிறது. புண்ணில் எந்தக் கிருமி என்று அறியாமலே, கைக்கு அகப்பட்ட மருந்தை மருத்துவர் தருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் வழி இருக்கிறது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' 2006இல் ஜோர்டானின் அம்மான் நகரில் ஓர் அறுவை மருத்துவமனை தொடங்கினர். ஈராக், சிரியா, ஏமன் நாடுகளின் காயமுற்றோர் அங்கே வந்தனர். எலும்பிலிருந்து சிறு துணுக்கெடுத்துக் கிருமியைச் சோதித்து, அதன்பின் மருந்தைத் தேர்ந்தனர். அழுகிய தசையை வெட்டிப் புண்ணைத் தூய்மை செய்வதும் கைகழுவுவதும் மருந்துக்குக் குறைந்த சிகிச்சை அல்ல.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். என்.டி.எம்.-1 என்னும் எதிர்ப்பு மரபணு, 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டது. அவர் முன்பு புது தில்லியில் சிகிச்சை பெற்றவர். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. பெயரில் தில்லி இருக்கிறதே என்று நம் நாட்டில் சினம் எழுந்தது. கிருமியைப் பற்றிய கவலை அந்த அளவு எழவில்லை! இங்கே குண்டு விழவில்லை. ஆயினும் போர்நாட்டில் விளைந்தது இங்கும் விளைந்தது. ஈராக்கிலிருந்தும் ஏமனிலிருந்தும் சிகிச்சைக்காகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் மக்கள் வருகின்றனர். கிருமி இரு திசையிலும் பயணம் செய்யும்.

2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு.

2014 மார்ச் 1 முதல் நம் நாட்டில் எச்-1 பட்டியல் நடைமுறையில் உள்ளது. அதிலுள்ள ஆன்டிபயாட்டிக் மருந்தை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். நான் மருந்து வாங்கும் கடையில், அந்தப் பதிவேட்டைத் திறந்து இதுவரை நான் கண்டதில்லை. நானும் கேட்டதில்லை.