கிணற்றைக் காக்கும் கிருமிகள்

கம்பம் பள்ளத்தாக்கின் ஜீவன் ஜலத்தில் இருக்கிறது. 1895-ம் வருஷத்தில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே பாய்ந்த நாள்முதல் அப்பள்ளத்தாக்கு நெல் விளையும் பூமியாயிற்று. ஆயினும் வாய்க்கால் எட்டாத திராட்சைத் தோட்டத்துக்கும், வாழைக் கொல்லைக்கும், வீட்டுத் தேவைக்கும் கிணறே கதி. அக்கிணறுகளுக்குப் புதியதோர் அபாயம் உண்டு என்பதையும், அதற்குப் பரிகாரமும் உண்டு என்பதையும் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தேனியிலிருந்து குமுளி வரை செல்லும் சாலையில் பெட்ரோல் நிலையங்கள் பெருகிவிட்டன. அவற்றின் எண்ணெய் பூமிக்கடியில் தொட்டிகளில் இருக்கிறது. தொட்டியோ குழாயோ துருப்பிடித்துக் கசியுமாயின் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் மண்ணில் ஊறித் தங்கும். மழை பெய்யுந்தோறும் அதிலுள்ள பென்ஸீன் என்னும் விஷப்பொருள் கரைந்து கீழே இறங்கும். பென்ஸீன் இரத்தப் புற்றுநோயை விளைவிக்க வல்லது. குடிநீர் ஒரு லிட்டரில் அது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி.

தேனி ஜில்லாவில் இவ்விபத்து நேர்ந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. வேறிடங்களில் தமிழர் பட்டதைக் கண்டு விழித்துக் கொள்ள வேண்டுமென்றே கூறுகிறோம். 2013-ம் வருஷம் சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீருடன் எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவே காரணம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்சார நிலையத்தின் எண்ணெய்க் கழிவு ஊர்க் கிணறுகளைக் கெடுத்தது. ஜனங்கள் வருஷக்கணக்கில் போராடிய பின், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் கம்பெனி 2 கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பணம் வந்தாலும் பழைய தண்ணீர் வருமா?

கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் கொட்டுவது ஒரு வழி. அது ஓர் ஊரின் துன்பத்தை மற்றோர் ஊரின் தலையில் கட்டுவதேயாகும். மேலான வழி வேறொன்று உண்டு. எண்ணெயை உணவாகக் கொள்ளும் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் இயற்கையாகவே மண்ணில் வாழ்கின்றன. அவை எண்ணெயைத் தின்று கரியமிலவாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி அமெரிக்காவில் எண்ணெய் தின்னும் கிருமியொன்றை ஆக்கி, 1980-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அதற்குக் காப்புரிமை பெறும் தகுதியை நிலைநாட்டினார். ஆனால் பெரும்பாலும் அயல் கிருமி வேண்டியதில்லை. உள்ளூர் மண்ணின் கிருமிகளே போதும். அவற்றுக்குக் குறைவது பசியல்ல, மூச்சு.

ஒரு கிலோ எண்ணெயைத் தின்று தீர்க்க ஏறத்தாழ மூன்றரைக் கிலோ பிராணவாயு வேண்டும். அதைத் தண்ணீரில் கரைத்து அனுப்பினால் 3½ லட்சம் லிட்டருக்கும் மேல் தேவை. காற்றாக அனுப்பினாலோ சுமார் 13 கன மீட்டர் போதும். ஆகவே நிலத்தடி நீருக்கு மேலுள்ள மண்ணில் குழாய் இறக்கி, மெதுவாகக் காற்றுச் செலுத்துகிறார்கள். ஈரமும், வேண்டுமாயின் சிறிது நைட்ரஜன், பாஸ்பரஸ் உரமும் சேர்ப்பதுண்டு. 1985-ல் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்து ஹில் விமானப்படைத் தளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் விமான எண்ணெய் மண்ணில் கொட்டியது. அங்கே காற்றோட்டம் உண்டாக்கியபோது ஒரு பங்கு ஆவியாக வெளியேறியது. மற்றொரு பெரும் பங்கைக் கிருமிகள் தின்றன. காற்றின் வேகத்தைக் குறைத்ததும் கிருமிகளின் பங்கு உயர்ந்தது.

இது மந்திரமன்று. மாதங்களும் வருஷங்களும் பிடிக்கும். இறுகிய களிமண்ணில் காற்று நுழையாது. தேனிப் பகுதியின் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் எண்ணெய் புகுந்துவிட்டால் கிருமிகளைக் கொண்டு துரத்துவது கடினம். ஆகவே மேல்மண்ணில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். கசிவை நிறுத்தாமல் காற்றூதுவதும் வீண் வேலை.

நாம் கோருவது மிகையன்று. தொட்டிகளைக் காலந்தவறாமல் சோதித்து, முடிவுகளை உள்ளாட்சி மன்றத்தின் வாசலில் ஒட்ட வேண்டும். நிலையங்களுக்கு அருகிலுள்ள கிணறுகளின் நீரை வருஷந்தோறும் பரீட்சிக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் இப்பணியில் வாலிபர்களைப் பழக்கலாம். செலவு யாருடையது என்பதில் சந்தேகமில்லை. வேலூர்த் தோல் பதனிடும் சாலைகளின் வழக்கில் 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே பரிகாரச் செலவையும் ஏற்க வேண்டுமென்று விதித்துவிட்டது.

சட்டம் இருக்கிறது, சாஸ்திரம் இருக்கிறது, மண்ணில் கிருமியும் இருக்கிறது. கேட்பதற்கு ஜனங்கள் முன்வர வேண்டும். கிணற்றில் எண்ணெய் வாடை வீசிய பிறகு கூடும் கூட்டத்தைவிட, வீசுமுன் கூடும் கூட்டமே பயன் தரும்.