செஞ்சியின் அகலம் எவ்வளவு?

செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. கோனார்கள் தொடங்கினார்கள் என்பார்கள். நாயக்கர்கள் விரித்தார்கள். பீஜப்பூர் சுல்தானிடமிருந்து 1677-இல் சிவாஜி பறித்தார். 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்தது. கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு சாதத்துல்லா கான் மசூதிக்கு நடந்தால், கட்டிய கை வேறு என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

கோட்டைக்கு அழகு சேர்க்கும் இந்தக் கலவை, பலர் சேர்ந்து எழுதும் கணினி நிரலில் தலைவலி. ஒருவர் நான்கு இடைவெளி விடுவார், இன்னொருவர் டேப் தட்டுவார். நிரல் சரியாகத்தான் ஓடும். ஆனால் ரிவ்யூ செய்ய உட்காருகிறவர்கள் பிழையை விட்டுவிட்டு இடைவெளிக்காகச் சண்டை போடுவார்கள். இந்த வம்பே வேண்டாம் என்று வந்தவைதான் ஃபார்மேட்டர்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-இல் பிரிட்டியர், பைத்தானுக்கு 2018-இல் பிளாக். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்.

வெளியே இருந்து பார்த்தால் கூட்டிப் பெருக்குகிற வேலை மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது வேறு. ஃபார்மேட்டர் முதலில் நிரலின் இலக்கணத்தைப் பிரித்து ஒரு மரமாக்கிக்கொள்கிறது. நீங்கள் விட்ட இடைவெளிகளையும் உடைத்த வரிகளையும் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிடுகிறது. பிறகு அந்த மரத்திலிருந்து நிரலைப் புதிதாக எழுதுகிறது. எங்கே வரியை உடைப்பது? டெரெக் ஓப்பன் 1980-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையும், பின்னர் ஃபிலிப் வாட்லர் எழுதியதும் இதற்கு வழி காட்டின. பிரிட்டியர் வாட்லரின் வழியில் நடக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது மொத்தமும் இந்த வரியில் அடங்குமா? அடங்கினால் தொடாதே. அடங்காவிட்டால் வெளி அடைப்புக்குறியை உடைத்துவிட்டு, உள்ளே இருப்பதற்கு அதே கேள்வியைக் கேள். ஏறக்குறைய இவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாம் வரியின் அகலத்தில் வந்து நிற்கிறது. ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டை மறைந்து எத்தனையோ காலமாகியும், பிரிட்டியர் தானாக எடுத்துக்கொள்ளும் அகலம் இன்றும் 80. பிளாக் கொஞ்சம் தாராளம்: 88.

ஆங்கில எழுத்தை எண்ணுவதில் சிக்கல் இல்லை. சீன, ஜப்பானிய எழுத்துகள் இரண்டு கட்டத்தை அடைத்துக்கொள்ளும்; அதற்கென யூனிகோடில் தனி அட்டவணை உண்டு. 2024 ஜனவரியிலிருந்து பிளாக் அதையும் கணக்கில் எடுக்கிறது. தமிழுக்கு வந்தால்தான் வேடிக்கை.

‘செஞ்சி’ என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடிலோ ச, அதன் ஒற்றைக்கொம்பு, ஞ, அதன் புள்ளி, மறுபடி ச, அதன் கொக்கி என்று ஆறு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 18. புள்ளி மேலே உட்காருவது, அதற்குத் தனி இடம் வேண்டாம் என்று கழித்தால் ஐந்து. இதில் எதை அகலம் என்பது? ஊர்ப்பெயர்களைப் பட்டியலிட்டு ஒரு மார்க்டவுன் அட்டவணை போட்டால் விளைவு தெரியும். கருவி குறிகளை எண்ணி நேராக்கிய செங்குத்துக் கோடுகள், மேல்மலையனூர் வரும் வரியில் விலகி நிற்கும்.

சரியான விடையை யூனிகோடும் தரவில்லை. கிழக்காசிய அகல அட்டவணையில் தமிழ் ‘நடுநிலை’ என்ற வகையில் கிடக்கிறது. அதாவது இந்தக் கேள்வி தமிழிடம் கேட்கப்படவே இல்லை. போதாததற்கு, பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலம் அல்ல. மூன்று என்று சொன்னாலும் திரையில் கோடு நேராகும் என்ற உத்தரவாதம் இல்லை. என் கட்சி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதுதான். ஆனால் ‘ணௌ’வை ஒரே கட்டத்தில் திணிக்கப் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். இந்தச் சண்டைக்குத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில், விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தருகிறது. ஃபார்மேட்டருக்குப் பங்களிக்கப் பழைய லேப்டாப்பும் இணையமும் ‘கிட்’ (Git) என்ற கருவியும் இருந்தால் போதும். முதலில் நிரல்கூட அனுப்ப வேண்டாம், ஒரு டெஸ்ட் அனுப்பலாம். பிளாக்கில் டெஸ்ட் என்பது ஒரு சாதாரண பைத்தான் கோப்பு: மேலே அலங்கோலமான நிரல், நடுவில் ‘அவுட்புட்’ என்றொரு குறிப்பு வரி, கீழே அது எப்படி வரவேண்டுமோ அப்படி.

திருத்தத்தையே அனுப்புகிறவருக்கு வேறு சோதனைகளும் காத்திருக்கின்றன. பிளாக் தான் எழுதியதை மறுபடி பிரித்து, பொருள் மாறவில்லையே என்று பழைய மரத்தோடு ஒப்பிடும். எழுதியதையே இன்னொரு முறை தனக்குக் கொடுத்து, ஒரு புள்ளிகூட நகரவில்லையே என்றும் பார்க்கும். வேறு பல திட்டங்களின் நிரல்மேல் உங்கள் மாற்றத்தை ஓட்டி, எத்தனை வரி புரண்டது என்று ரிவ்யூவில் வைப்பார்கள். நீங்கள் மாற்றியது இரண்டு வரியாக இருக்கலாம்; அதனால் ஊரார் கோப்புகளில் ஆயிரக்கணக்கான வரிகள் அசையக்கூடும். அதனால்தான் நிரலின் தோற்றத்தை மாற்றும் திருத்தம் முதலில் முன்னோட்டப் பாணிக்குள் போகும். எல்லோருக்கும் அது வழக்கமாவது, வருடத்துக்கு ஒருமுறை வரும் ஜனவரி வெளியீட்டில்தான். பிப்ரவரியில் அனுப்பியவர் அடுத்த பொங்கல் வரையாவது பொறுத்திருக்க வேண்டும்.