குழல் எது, குண்டு எது?

ஆயர் தாவாரில் அக்கா வீட்டில் இருந்தேன். செம்பனைக் கன்றுகளைத் தோண்டும் காட்டுப்பன்றியைச் சுட, வீட்டிலேயே துப்பாக்கி செய்யப் போவதாக மருமகன் காதோடு சொன்னான். "எந்தக் குழல், எந்தக் குண்டு நல்லது மாமா?" மைக் முன்னால் ஓயாத எனக்குப் பேச்சே வரவில்லை.

இங்கே ஏர்கன்னும் ஆயுதம்தான். உரிமமில்லாத் துப்பாக்கி வைத்திருந்தாலே, 1971 சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

அவன் ஆசையோ குறிபார்ப்பதில். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியைச் சொன்னேன்: குண்டு 4.5 மில்லிமீட்டர், நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். பல ரகக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துவருவதையே வீரர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் இதில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார்.

"பன்றியைப் பெர்ஹிலித்தானிடம் சொல்வோம், நீ கிளப்பில் சேர்." ஒளித்திருந்த இரும்புக் குழாயை அவனே எடுத்து வந்து தந்தான்.