பந்தலும் தீக்காப்பு விதிகளும்

திருமணமாயினும், கோயில் விழாவாயினும், நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டமாயினும், முதலில் எழுவது பந்தல். காலையில் மூங்கில் நடுவர். மாலையில் கூரை வேய்ந்து துணி கட்டிவிடுவர். விழா முடிந்த மறுநாள் அது இருந்த இடமே தெரியாது. இரண்டு நாள் நிற்கும் பந்தலுக்கு விதிகள் எதற்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் எரிவதற்குப் பந்தலுக்கு இரண்டு நாள் தேவையில்லை. சில நிமிடங்களே போதும்.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி, அரியானா மாநிலத்து டப்வாலி நகரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடைபெற்றது. செயற்கை இழைத் துணியாலான கூடாரத்தில் தீப்பற்றி, உருகிய துணி கூட்டத்தின் மேல் விழுந்தது. வெளியேறப் போதிய வழியில்லை. 440க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும் ஆவர். 1997 ஜூன் 7ஆம் தேதி, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. நெரிசலிலும் நெருப்பிலும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2004 ஜனவரி 23ஆம் தேதி, திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக் கூரை எரிந்து, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

மூன்று இடங்களிலும் குறைகள் ஏறத்தாழ ஒன்றே: எளிதில் தீப்பற்றும் கூரை, போதாத வழி. இவ்விரண்டையும் தடுப்பதே பந்தல் விதிகளின் சாரம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 8758 என்னும் விதித்தொகுப்பு இதற்கெனவே வகுக்கப்பட்டது. அதில் நாம் அறிந்திருக்க வேண்டியவற்றைக் காண்போம்.

இடம்: மின்கம்பி செல்லும் பாதையின் கீழ்ப் பந்தல் அமைத்தலாகாது. அருகிலுள்ள சுவர், கட்டடம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி தீ தாவாமல் தடுக்கும். மக்கள் வெளியேறவும் தீயணைப்போர் உள்ளே வரவும் அதுவே வழியாகும். இருப்புப்பாதை, துணை மின்நிலையம், உலை, புகைபோக்கி ஆகியவற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் விலகியிருத்தல் வேண்டும்.

கூரை: உயரம் 3 மீட்டருக்குக் குறையலாகாது. தாழ்ந்த கூரையின் கீழ் வெப்பமும் புகையும் விரைவில் தலைமட்டத்திற்கு இறங்கிவிடும். செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடா. அவை உருகிச் சொட்டும். சொட்டும் துளி உடலில் ஒட்டிக்கொண்டு எரியும்.

வழி: உள்ளே எங்கு அமர்ந்திருப்பவரும் 15 மீட்டருக்கு மேல் நடவாமல் ஒரு வாயிலை அடைய வேண்டும். வாயில்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருத்தல் நலம். ஒன்றில் தீ மறித்தால் மற்றொன்று உதவும். வாயிலை அலங்கார வளைவாலோ, நாற்காலி அடுக்காலோ, கடையாலோ அடைப்பது பெரும் பிழை.

மின்சாரம்: விளக்கு, அலங்காரத் துணியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். திறந்த இணைப்புகள் கூடா. சமையற்கூடமும் மின்னாக்கப் பொறியும் பந்தலுக்கு வெளியே, எட்டத்தில் அமைதல் வேண்டும்.

நீர்: தரைப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 0.75 லிட்டர் வீதம் நீர் வைத்தல் வேண்டும். அதில் பாதி வாளிகளில் இருக்க வேண்டும். 200 சதுர மீட்டர் பந்தலுக்கு 150 லிட்டர் நீர் போதும். இதற்கு ஆகும் செலவு அற்பமே.

இனி, நெசவாளராகிய நமக்கு நேரே உரிய செய்திக்கு வருவோம். பருத்தித் துணி உருகிச் சொட்டாது என்பது உண்மை. ஆனால் எரியாது என்று கருதுவது தவறு. 1944 ஜூலை 6ஆம் தேதி அமெரிக்காவின் ஆர்ட்ஃபோர்டு நகரில் சர்க்கஸ் கூடாரம் ஒன்று எரிந்து 167 பேர் மாண்டனர். மழைநீர் புகாதிருக்க அக்கூடாரத் துணியில் பெட்ரோலில் கரைத்த பாரபின் மெழுகைப் பூசியிருந்தனர். துணியின் மேல் பூசும் பொருளே சில வேளை எமனாகும்.

அதே துணியைத் தீயை எதிர்க்கச் செய்யவும் இயலும். விதித்தொகுப்புக் கூறும் கரைசல் இது: எடை அளவில் அம்மோனியம் சல்பேட் 4 பங்கு, அம்மோனியம் கார்பனேட் 2 பங்கு, வெண்காரம் 1 பங்கு, போரிக் அமிலம் 1 பங்கு, படிகாரம் 2 பங்கு, நீர் 35 பங்கு. அஃதாவது, 35 லிட்டர் நீருக்கு முறையே 4, 2, 1, 1, 2 கிலோ. முதற்பொருள் உழவர் வயலுக்கு இடும் உரம். படிகாரம் சாயப் பட்டறையில் பழகிய பொருள். இதில் துணியை நன்கு தோய்த்து உலர்த்த வேண்டும். சூடேறும்போது அம்மோனியா வாயு வெளிப்பட்டுச் சுடரைத் தணிக்கிறது. வெண்காரம் உருகி இழையின் மேல் கண்ணாடிபோல் படர்ந்து காற்றைத் தடுக்கிறது. துணி கருகும், சுடர்விட்டுப் பரவாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சாயம் மாறுகிறதா என்பதை முதலில் சிறு துண்டில் சோதித்தறிக. இவ்வுப்புகள் நீரில் கரைவன. ஆதலால் மழையில் நனைந்தாலும் துவைத்தாலும் மீண்டும் தோய்த்தல் வேண்டும். பந்தலுக்குத் தொலைவில் ஒரு துண்டைச் சுடரில் காட்டி எடுத்தால், தீ தானே அவிகிறதா என்பது விளங்கிவிடும்.

உழவர் தோப்பிலிருந்து வரும் கீற்றும் இவ்வாறே எண்ணத்தக்கது. காய்ந்த கீற்று நம் தோப்பினது என்பதால் நெருப்பு அதற்கு விலக்கு அளிப்பதில்லை. பெருங்கூட்டம் கூடும் இடத்தில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

பெரிய பந்தல் அமைக்கும் சங்க நிர்வாகிகள் உள்ளாட்சி மன்றம், காவல் துறை, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றை முன்னதாகவே அணுகி அனுமதி பெறுதல் வேண்டும். பந்தற்காரரிடம் கூலி பேசும்போதே துணி எது, வாயில் எத்தனை என்பதையும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். விழா நாளில் பொறுப்பாளர் ஒருவர் வாயில்களையும் வாளிகளையும் கவனித்து நிற்கட்டும். தீயணைப்பு நிலையத்தின் 101 என்னும் தொலைபேசி எண் அவர் நினைவில் இருக்கட்டும். வந்தவர் அனைவரும் நலமே வீடு திரும்பினால்தான் விழா இனிது நிறைவுற்றது எனலாம்.